ஏழு நாள் ஜப்பான்: நான்கு வழிகளில் எந்த வழி?

ஜப்பான் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு தாள் கேட்பார்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், அங்கே என்ன பார்க்கப்போகிறீர்கள், எந்த விடுதியில் தங்குகிறீர்கள் என்று நாள்வாரியாக எழுதித் தர வேண்டும். நண்பர்கள் கூடிப் போகும் பயணத்தில் வாக்குவாதம் அந்தத் தாளை நிரப்ப உட்காரும்போதுதான் சூடு பிடிக்கும். ஒருவனுக்கு டோக்கியோ மட்டும் போதும். இன்னொருவனுக்குப் பழைய கோயில்கள் வேண்டும். மூன்றாமவன் ஹிரோஷிமாவைப் பார்க்காமல் திரும்பமாட்டேன் என்பான். நான்காமவன், "எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், அதற்குத்தான் ரயில் பாஸ் இருக்கிறதே" என்பான்.

நாங்கள் நான்கு பேரும் இரண்டு முறை போய்வந்தோம். 2019 நவம்பரில் நான்காமவன் சொன்னபடி ஓடினோம். 2024 நவம்பரில் வேறு மாதிரி போனோம். இப்போது என் அண்ணன் மகள் தோழிகள் மூவரோடு கிளம்புகிறாள். "சித்தப்பா, ஒரே ஒரு வாரம்தான் விடுமுறை. எந்த வழியில் போவது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஏழு இரவுகள் என்றால் கையில் இருப்பவை ஆறு முழு நாட்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர், ஹாங்காங் என்று எங்கே மாறிப் போனாலும் இறங்கும் நாள் அசதியிலேயே கழிந்துவிடும். கடைசி நாளை விமான நிலையம் எடுத்துக்கொள்ளும். இந்த ஆறு நாட்களில் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் குறைகிறது. ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த விடுதியில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். இடைப்பட்ட நேரத்தில் நான்கு பேரின் நான்கு பெட்டிகளுக்கு ஓர் இடம் தேட வேண்டும். தனியாகப் போகிறவர் முதுகுப்பையோடு சமாளித்துவிடுவார். நால்வராகப் போகும்போது பெட்டிகள்தான் பயணத்தை நடத்துகின்றன.

எங்கள் முதல் பயணம் அப்படித்தான் ஆனது. டோக்கியோவில் 2 இரவு, ஹகோனேயில் 1, கியோட்டோவில் 2, ஹிரோஷிமாவில் 1, ஒசாகாவில் 1. ஏழு இரவுகளில் ஐந்து விடுதிகள். அப்போது நாடு முழுவதும் செல்லும் ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 29,650 யென். நிறையப் பயணம் செய்தால் நிறைய மிச்சம் என்று நினைத்தோம். ரயில்களில் குறையே இல்லை, நொடி பிசகாமல் வந்தன, போயின. நாங்கள்தான் பிந்திக்கொண்டே இருந்தோம். ஒரு நிலையத்தில் பெரிய பெட்டி வைக்கும் லாக்கர்கள் எல்லாம் காலையிலேயே நிரம்பிவிட்டிருந்தன. இன்னொன்றில் மின்தூக்கி எந்த வாயிலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மூட நாற்பது நிமிடம்தான் இருந்தது.

அங்கே ஒரு சிறுவனின் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்குக் குண்டு விழுந்தபோது நான்கு வயதுகூட நிரம்பாத அந்தப் பையன் வீட்டு வாசலில் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றிரவே இறந்துபோனான். தனியாகக் கல்லறையில் விட மனமில்லாத தகப்பன், பிள்ளையையும் சைக்கிளையும் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1985ல், தோண்டி எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கைப்பிடி துருவேறி, இருக்கை உருக்குலைந்து நிற்கும் அந்தச் சைக்கிளின் முன்னால் எங்களில் ஒருவன் அசையாமல் நின்றிருந்தான். மூடும் அறிவிப்பு ஒலித்தது. அவனைத் தோளில் தொட்டு அழைத்து வந்தவன் நான். அந்த ஊருக்கு நாற்பது நிமிடம் கொடுத்தது தவறு என்று இன்றும் மனம் சொல்கிறது.

ஆகவே நான்காவது வழியை, அதாவது பாஸ் எடுத்துக்கொண்டு ஓடும் வழியை, முதலிலேயே தள்ளிவிடுகிறேன். இன்றைக்கு அதற்குப் பண நியாயமும் இல்லை. 2023 அக்டோபரில் அந்தப் பாஸின் விலை 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. ஒரு யென்னை அறுபது காசு என்று வைத்தால் தலைக்கு முப்பதாயிரம் ரூபாய். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் டிக்கெட் ஒரு வழிக்கு 14,000 யென் அளவில்தான். போய்த் திரும்பினாலும் 28,000. மிக வேகமான நொசோமி ரயிலில் ஏற, பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வலையில் தேடினால் பழைய விலைக் காலத்தில் எழுதிய அறிவுரைகளே இன்னமும் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

மீதி மூன்று வழிகளில் போட்டி உண்மையானது: டோக்கியோ மட்டும், கான்சாய் மட்டும், அல்லது இரண்டு ஊர்கள்.

டோக்கியோவிலேயே ஏழு இரவும் தங்குவது ஒரு வழி. ஒரே அறை, பெட்டியை ஒரு முறை திறந்தால் போதும். நரிட்டா விமான நிலையத்திலிருந்து உவேனோவுக்கு ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து விடும். உவேனோ, அசகுசா பக்கம் ஷின்ஜுகுவைவிட வாடகை குறைவு. நகரைச் சுற்றி வரும் யாமனோட்டே ரயில் தடத்தில் 30 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். சுய்கா என்ற பயண அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொண்டால் வாயிலில் தொட்டு உள்ளே போகலாம், தொட்டு வெளியே வரலாம், கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

நண்பர் கூட்டத்துக்கு டோக்கியோ தரும் பெரிய வசதி, பிரிந்து சுற்றலாம் என்பதுதான். பொம்மைக் கடைகளிலும் மின்னணுக் கடைகளிலும் நாள் முழுக்கத் திரிய விரும்புகிறவர் அகிஹாபாரா போகலாம். அதே நேரத்தில் இன்னொருவர் மெய்ஜி ஆலயத்து மரங்களுக்கு நடுவே நடக்கலாம். இரவு ஏழு மணிக்கு ஷிபுயாவில் கூடிச் சாப்பிடலாம். எங்களில் வரலாற்றுப் பித்துள்ளவன் ஒரு முற்பகலில் தனியாக சுகினாமி பகுதியிலுள்ள ரென்கோ-ஜி கோயிலுக்குப் போனான். நேதாஜியின் அஸ்தி என்று பாதுகாக்கப்படும் பேழை அங்கே இருக்கிறது. மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். அந்தச் சிறிய கோயிலின் வாசலில் நேதாஜியின் சிலையைப் பார்த்துவிட்டு வந்து அன்று மாலை முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தான். மற்ற மூவரையும் அவன் காத்திருக்க வைக்கவில்லை, நாங்களும் அவனை இழுத்துப் பிடிக்கவில்லை.

பக்கத்து ஊர்களும் உண்டு. ஒரு மணி நேரத்தில் காமகுரா. அங்கே திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அருகிலேயே எனோஷிமா தீவு. அங்கே குடிகொண்டிருக்கும் பென்சைட்டன் நம் சரஸ்வதிதான், கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்ற நரம்புக் கருவி. இரண்டு மணி நேரத்தில் நிக்கோ.

இந்த வழியின் குறை, பழைய ஜப்பான் கண்ணில் படுவது அபூர்வம் என்பது. டோக்கியோ 1923 நிலநடுக்கத்தில் ஒரு முறையும், 1945 குண்டுவீச்சில் இன்னொரு முறையும் எரிந்த ஊர். சென்சோ-ஜி கோயிலின் பிரதான மண்டபமே 1958ல் திரும்பக் கட்டியதுதான். மரமும் பாசியும் கல் விளக்குமாக ஒரு ஜப்பானை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏழு நாளும் டோக்கியோ என்றால் ஏதோ விட்டுப்போனது போலிருக்கும்.

அடுத்தது, டோக்கியோவை அடியோடு விட்டுவிட்டு, ஒசாகா, கியோட்டோ, நாரா அடங்கிய கான்சாய் பகுதியிலேயே தங்குவது. பலர் இதை யோசிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது, மூன்றாம் முறை போனால் இப்படித்தான் போவேன். ஒசாகாவில் தங்கினால் சாதாரணக் கட்டணத்திலேயே ஓடும் விரைவு ரயிலில் கியோட்டோ அரை மணி, கோபே அரை மணிக்கும் குறைவு, நாரா ஐம்பது நிமிடம், ஹிமேஜி கோட்டை ஒரு மணி. மேற்கு ஜப்பானின் ரயில் நிறுவனம் கான்சாயையும் ஹிரோஷிமாவையும் மட்டும் இணைத்து விற்கும் பாஸ், நாடு முழுவதற்குமான பாஸைவிட மிக மலிவு. ஹிரோஷிமாவுக்கு ஒரு முழு நாளைத் தாராளமாக ஒதுக்க இந்த வழியில் எளிதாக முடியும்.

கூட்டத்தில் சைவர் இருந்தால் இந்த வழிக்கு இன்னொரு பலம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜப்பானிய சமையலின் அடி, தாஷி என்ற வடிசாறு. கட்சுவோ மீனை உலர்த்தி, மரச் சீவல் போலச் சீவி, வெந்நீரில் போட்டு இறக்குவதே பெரும்பாலான தாஷி. காய்கறி வேகவைத்தாலும், டோஃபு கொடுத்தாலும், மிசோ சூப் கொடுத்தாலும் அதில் அந்தச் சாறு இருக்கும். இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொல்வது அவரளவில் உண்மைதான், மீன்சாறு அவர் கணக்கில் வராது. எங்களில் ஒருவன் சுத்த சைவம். முதல் பயணத்தில் ஒரு நூடுல்ஸ் கடையில் கைப்பேசி மொழிபெயர்ப்பைக் காட்டிக் கேட்டோம். கடைக்கார அம்மாள் படித்துப் பார்த்தார், அடுப்பைத் திரும்பிப் பார்த்தார், பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பொய் சொல்லிச் சாப்பாடு போட்டிருக்கலாம், அவர் செய்யவில்லை. அன்று அவன் சாப்பிட்டது கடையில் வாங்கிய வாழைப்பழமும் ரொட்டியும்.

இரண்டாம் பயணத்தில் அவனுக்காகவே கோயாசான் மலைக்குப் போனோம். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலும், அதன் பின் செங்குத்தான இழுவை ரயிலுமாக இரண்டு மணி நேரப் பயணம். ஒன்பதாம் நூற்றாண்டில் கூக்காய் என்ற துறவி நிறுவிய மடங்களின் ஊர். ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்களில் வெளியாரைத் தங்கவைக்கிறார்கள். அங்கே பரிமாறுவது ஷோஜின் ரியோரி என்ற துறவியர் உணவு. அதில் இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. தாஷியைக் கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் இறக்குகிறார்கள். சிவப்பு அரக்குத் தட்டில் எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய கோமா டோஃபு, பனிக்குளிரில் உறையவைத்து உலர்த்தும் வழக்கத்தில் பிறந்த கோயா டோஃபு, பொரித்த காய்கள், சோறு. ஐந்து நாளாக ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்த்துச் சாப்பிட்டவன் அன்று எதையும் கேட்காமல் உண்டான்.

அந்த மலைக்கும் நமக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது. கூக்காய் கொண்டுவந்த ஷிங்கோன் என்ற பௌத்த மரபு தன் குருமார்களாக வணங்கும் வரிசையில் வஜ்ரபோதி ஒருவர். தென்னிந்தியாவிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் கடல் வழியாகச் சீனம் சென்றவர், பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடையவர். அவருடைய சீடரின் சீடரிடம்தான் கூக்காய் சீனத்தில் பயின்றார். விடியற்காலை வழிபாட்டில் தரையதிர அவர்கள் ஓதும் மந்திரங்களுக்கு இடையே பழகிய சமஸ்கிருத ஒலி ஒன்று காதில் விழும்போது இந்த வரலாறு தெரிந்திருந்தால் மனம் வேறு மாதிரி கேட்கும்.

அப்படியானால் இதையே எல்லாருக்கும் சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லமாட்டேன். முதல் முறை போகிற நான்கு பேரில் ஒருவராவது டோக்கியோவைச் சிறுவயதிலிருந்து திரையிலும் காமிக்ஸிலும் பார்த்து ஏங்கியவராக இருப்பார். ஜப்பான் வரை போய் டோக்கியோவைப் பார்க்காமல் திரும்பினேன் என்ற மனக்குறையோடு அவரை விமானம் ஏற்றக் கூடாது. நட்புக்கும் அது நல்லதல்ல. நால்வரும் மனமார ஒப்புக்கொண்டால் மட்டும் கான்சாய்.

மிச்சமிருப்பது, இரண்டு ஊர்களில் மட்டும் தங்கும் வழி: டோக்கியோவில் மூன்று இரவு, கியோட்டோவில் நான்கு இரவு. முதன்முறை போகும் நண்பர்களுக்கு என் முடிவு இதுதான். விமான டிக்கெட்டை டோக்கியோவின் நரிட்டா அல்லது ஹனேடா விமான நிலையத்தில் இறங்கி, ஒசாகா அருகிலுள்ள கான்சாய் விமான நிலையத்தில் ஏறுமாறு எடுக்க வேண்டும். முன் சொன்ன ஆசிய நகரங்கள் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு பக்கத்துக்கும் விமானங்கள் உண்டு. தேடும்போது 'போகவர' என்பதை விட்டு 'பல நகரங்கள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரயில் செலவைக் கூட்டிப் பார்த்தால் விமான நிலைய ரயில்கள் இரண்டும், ஷின்கான்சென் ஒரு வழியும், நாரா போய்வருவதும் சேர்த்துத் தலைக்கு 22,000 யென் அளவில் முடியும். பாஸ் விலையில் பாதிகூட இல்லை. கொழும்பிலிருந்து நரிட்டாவுக்குள்ள நேர் விமானத்தில் போகவர வருகிறவர்கள் திரும்பும் ரயிலுக்கு இன்னொரு 14,000 யென் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் பாஸ் தேவைப்படாது.

டோக்கியோ முதலில், கியோட்டோ பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 6 மணி என்றால் நம் உடம்புக்கு அதிகாலை இரண்டரை. முதல் மூன்று நாட்கள் எழ மனம் வராது, இரவு பன்னிரண்டு ஆனாலும் தூக்கம் வராது. டோக்கியோ அப்படிப்பட்டவர்களுக்கான ஊர். பத்து மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, விளக்குகளும் கடைகளும் கடைசி ரயில் வரை காத்திருக்கும். கியோட்டோ நேர் எதிர். அங்கே கோயில்கள் பல மாலை நான்கரை, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடுகின்றன. நவம்பர் இறுதியில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். காலை பத்து மணிக்குப் பிறகு நகரப் பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. அந்த ஊரின் அழகு விடியற்காலையில் இருக்கிறது, நான்காம் நாள்தான் நம் உடம்பு அதற்குத் தயாராகிறது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் முதல் நாட்களில் நடுச்சாமத்திலேயே விழித்துக்கொள்வார்கள், அவர்கள் எழுதும் அறிவுரை நமக்குத் தலைகீழாகப் பொருந்தும்.

ஃபுஷிமி இனாரி மலையில் இதைக் கண்ணால் பார்த்தோம். முதல் பயணத்தில் பதினொரு மணிக்குப் போய், செந்நிறத் தோரண வாயில்களுக்கு நடுவே மனிதத் தலைகளை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தோம். இரண்டாம் முறை காலை ஆறு மணிக்குப் போனோம். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஆலயம், நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு முதியவர் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வாயில்களின் தூண்களில் அவற்றை நேர்ந்துகொண்டவர்களின் பெயர்கள் கறுப்பில். சில தூண்களின் அடி உளுத்து, புது மரம் ஒட்டுப்போட்டிருந்தார்கள். பாதி மலை வரை நாங்கள் நால்வர் மட்டுமே நடந்தோம், யாரும் பேசவில்லை.

கியோட்டோவின் நான்கு இரவுகளில் மூன்று முழு நாட்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை நாராவுக்குக் கொடுங்கள், முக்கால் மணி நேரம்தான். தோதாய்-ஜி கோயிலின் பதினைந்து மீட்டர் புத்தருக்கு 752ல் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. ஹிரோஷிமா வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இன்னொரு நாள். கியோட்டோவிலிருந்து ஒரு மணி நாற்பது நிமிடம், போகவர இருபதாயிரம் யென்னுக்கு மேல். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் அருங்காட்சியகத்தில் அவசரமில்லாமல் மூன்று மணி நேரம் நிற்கலாம். பெட்டி விடுதியிலேயே இருக்கும். கோயாசானுக்கு இந்தத் திட்டத்தில் ஓர் இரவு எடுத்தால் ஹிரோஷிமா போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், நாங்கள் மலையை எடுத்தோம்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் பெட்டிகளோடு ரயில் ஏறாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே விடுதி முகப்பில் கொடுத்து, டக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் சேவையில் அனுப்பிவிட்டால் மறுநாள் கியோட்டோ விடுதிக்கு வந்து சேரும். பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். நீள, அகல, உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அந்த ரயிலில் முன்பதிவுள்ள இடம் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஒரு டாக்சியில் நான்கு பேர் அமரலாம், நான்கு பேரோடு நான்கு பெரிய பெட்டிகள் ஏறாது.

ரயிலில் வலப்பக்கத்து இரட்டை இருக்கைகளில் முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி எடுங்கள். காலால் ஒரு மிதியை அழுத்தினால் முன் இருக்கை திரும்பி நால்வரும் எதிரெதிரே உட்காரலாம். கிளம்பி நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்தில் அந்த ஜன்னலில் ஃபூஜி மலை வரும். எங்கள் சைவ நண்பன் அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினோம். கண்ணைத் திறந்தவன் ஒன்றும் பேசாமல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டான். ஆற்றுப் பாலம் கடந்து, தொழிற்சாலைப் புகைபோக்கிகள் கடந்து, பனி மூடிய மலை முழுதாக நின்றது. அது பின்னால் போய் மறையும் வரை அவன் அப்படியே இருந்தான்.